அக்காவுக்குப் பின்னால் இருந்த தேயிலை

தேயிலைச் செடி என்ன நிறம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

பச்சை. ஊட்டிக்கு டூர் வந்து போன அத்தனை பேரும் அதைத்தான் சொல்கிறார்கள். தப்பு. முறைக்காதீர்கள், நான் சொல்லவில்லை, கம்ப்யூட்டர் சொல்கிறது. போட்டோ எடிட் செய்யும் சாஃப்ட்வேரில் நிறத்தை வைத்துப் பிரிக்கிற ஒரு வசதி உண்டு. ஒரு நிறத்தைக் காட்டினால் போதும், படத்தில் அந்த நிறம் எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அத்தனையையும் தேடிப் பிடித்துக் கையில் கொடுக்கும். அப்புறம் அழிப்பதோ மாற்றுவதோ நம் இஷ்டம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ரெடிமேடாகவே வரிசை இருக்கும். அதில் பச்சையைத் தட்டிவிட்டு எஸ்டேட் படத்தைப் பாருங்கள், ஒரு இலை அசையாது. மஞ்சளைத் தட்டுங்கள், மலையே எழுந்து வரும். வெயில் பட்ட கொழுந்தில் மஞ்சள்தான் அதிகம். நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதை எனக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸில் சொல்லித்தந்தது எல்லாம் ரெக்கார்டு நோட்டில் படம் வரைவது எப்படி என்பதுதான். மஞ்சள் ரகசியத்தைக் கோத்தகிரி பஜாரில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் நானே கண்டுபிடித்தேன். எங்கள் அக்காவின் கல்யாணத்துக்காகக் கண்டுபிடித்தேன் என்றும் சொல்லலாம்.

முதலில் ஸ்டுடியோவைப் பற்றி. ஓனர் அண்ணன் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். டூரிஸ்ட்டுகளுக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் வேஷம் வாடகைக்குக் கொடுப்பது அவருடைய முக்கிய வியாபாரம். கூடை, தலைத்துண்டு, இடுப்பில் கட்ட ஒரு படங்குச் சாக்கு, எல்லாம் துவைத்து இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கும். சென்னையிலிருந்து வந்த புது ஜோடி அதை மாட்டிக்கொண்டு வெளியே போனால் பனிமூட்டத்தில் செடி தெரியாது. அதனால் கடைக்குள்ளேயே ஒரு நீலத் துணிக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்து, துணியை எடுத்துவிட்டு, தேயிலையைப் பின்னால் ஒட்டிக் கொடுப்போம். சாக்கு கட்டிக்கொண்டு இரண்டு விரலில் காற்றைக் கிள்ளிச் சிரிப்பார்கள். எங்கள் அக்கா நிஜமாகவே சாக்கு கட்டிக்கொண்டு கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அதே நேரத்தில் கிள்ளிக்கொண்டிருப்பாள், சிரிக்காமல்.

நாங்கள் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். வந்தது அம்மாவும் அப்பாவும், அவரவர் வீட்டோடு, பள்ளிக்கூடம் போகிற வயதில். கப்பல், மண்டபம் கேம்ப், அப்புறம் இந்த மலை. அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. நடுவில் கொஞ்சம் கடல். அக்கா ப்ளஸ் டூ முடித்த வருடம் அம்மாவுக்கு மூட்டு போய்விட்டது, அம்மாவின் இடத்துக்கு அக்கா போனாள். டெம்பரரி என்றார்கள். எங்கள் எஸ்டேட்டில் டெம்பரரி என்றால் ரிட்டயர்மென்ட் வரைக்கும் என்று அர்த்தம்.

அக்காவுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று. கீழே போகவேண்டும். எங்களுக்குக் கீழே என்றால் மேட்டுப்பாளையத்துக்கு அந்தப்பக்கம் இருக்கிற எல்லா ஊரும். வெயில் அடிக்கிற ஊர், சமமான ரோடு, அட்டை கடிக்காத கால். மாப்பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று அவளைக் கேட்டால் உயரம், நிறம் எதுவும் சொல்லமாட்டாள். "கீழ இருக்கணும்," என்பாள். அவ்வளவுதான் லிஸ்ட்.

புரோக்கர் ஒரு இடம் கொண்டுவந்தார். "நம்ம ஆளுகதான். அவங்களும் சிலோன்ல இருந்து வந்தவங்க. ஆனா திருப்பூர்ல செட்டில் ஆயிட்டாங்க. பையன் கம்பெனியில இருக்கான். ஒண்ணே ஒண்ணு, தோட்டத்துல வேலை பாக்குற பொண்ணு வேணாங்குறாங்க."

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க புள்ள தையல்ல இருக்குன்னு சொல்லுங்க."

"போட்டோ அனுப்பணும்."

இங்கேதான் பிரச்சினை. எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் லைன் வீடுகளில், தேயிலை இல்லாமல் ஒரு போட்டோ எடுக்க முடியாது. வீட்டுக்கு முன்னால் தேயிலை, பின்னால் தேயிலை, பக்கவாட்டில் கக்கூஸ், அதற்குப் பின்னால் தேயிலை. வீட்டுக்குள் எடுத்தால் இருட்டு. ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய் நீலத் துணிக்கு முன்னால் நிற்கவைத்திருக்கலாம்தான். ஆனால் ஸ்டுடியோவுக்கு வர அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஸ்டுடியோவில் டூரிஸ்ட்டுகள் தவிர யாருக்கும் இடம் கிடைக்காது. எனவே ஞாயிற்றுக்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும் முன்பு ஸ்டுடியோ கேமராவில் வாசலில் வைத்து நானே எடுத்தேன். தேயிலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கெத்தாகச் சொன்னேன்.

அக்கா தன்னிடம் இருந்த ஒரே பட்டுச் சேலையில் வந்து நின்றாள். பச்சைப் பட்டு. அம்மா அவளை நிறுத்தி, முகத்தில் மஞ்சளைத் தேய்த்துவிட்டாள்.

"போட்டோவுக்கு எதுக்கும்மா மஞ்சள்?" என்றேன்.

"மஞ்சப் பூசாம நின்னா மூஞ்சி மூளியா இருக்கும். ஒனக்கு என்னா தெரியும், நீ கேமராவப் புடி."

"கைய என்னா பண்ணுறது?" என்றாள் அக்கா. கொழுந்துக் கறை விரல் நுனியில் கறுப்பாக ஏறியிருக்கும். சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எதற்கும் போகாது.

"பின்னால கட்டிக்க," என்றாள் அம்மா. அக்கா பிரேயரில் நிற்கும் பிள்ளை மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் கடையில் படத்தைத் திறந்தேன். ஓனர் அண்ணன் என் பின்னால் வந்து நின்றார்.

"ஏனம்மணி, செடியும் பச்சை, சேலையும் பச்சை. செடிய எடுத்தா சேலையும் கூடவே போயிருமே. அப்பறம் பொண்ணுக்கு என்னத்தக் கட்டிக் காட்டறது?"

"போகாதுங்கண்ணா. செடி மஞ்சளு."

"உனக்குக் கண்ணுல ஏதோ கோளாறு."

மஞ்சளைத் தட்டினேன். எது மாட்டியதோ அது வெள்ளையாகவும், எது தப்பியதோ அது கறுப்பாகவும் திரையில் தெரியும். தேயிலை மொத்தமும் பளிச்சென்று வெள்ளை. பட்டுச்சேலை அசையாமல் கறுப்பில் நின்றது. நான் நாற்காலியில் சாய்ந்து, திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேலை இருக்குது அம்மணி. அக்காளத்தான் காணோம்."

முகம் இருந்த இடம் முழுக்க வெள்ளை. கழுத்து, தோள்பட்டை, ஜாக்கெட்டுக்குக் கீழே முழங்கை, எல்லாம் போய்விட்டது. மனிதத் தோலிலேயே மஞ்சள் நிறைய இருக்கும், அதன் மேல் அம்மா வேறு அரைக் கிண்ணம் பூசியிருந்தாள். சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை எங்கள் அக்காவும் தேயிலைதான். ஒரு பச்சைப் பட்டுச்சேலை மட்டும் தலையில்லாமல் நின்றது. அவசரத்தில் அப்படியே அனுப்பியிருந்தால் புரோக்கர், "பொண்ணு ரொம்ப அடக்கம்," என்று சொல்லிச் சமாளித்திருப்பார்.

எவ்வளவு தூரம் ஒத்த நிறத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கூட்டிக் குறைக்க ஒரு பட்டை இருக்கும். அதை இடதுபக்கம் தள்ளினால் கன்னம் திரும்பி வந்தது, கூடவே நூறு இலையும் வந்தது. வலதுபக்கம் தள்ளினால் இலை போனது, மூக்கும் போனது. கடைசியில் முகத்தையும் கையையும் சுற்றி மௌஸால் கோடு போட்டு, இந்த எல்லைக்குள் யாரும் நுழையக் கூடாது என்று வேலி கட்டிவிட்டு, மிச்சத்தை அழித்தேன். தலைமுடி ஓரத்தில்தான் ரொம்ப நேரம் ஆனது. அக்காவின் சுருட்டை முடி ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு துண்டு எஸ்டேட் இருந்தது.

அப்புறம் பின்னால் எதை வைப்பது என்று சாயங்காலம் லயத்தில் ஒரு மாநாடு. என் போனில் இருந்த பின்னணிப் படங்களை அம்மா ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தாஜ்மஹால் வேண்டாம். சுவிட்சர்லாந்து வேண்டாம், அங்கேயும் புல். பளிங்குப் படிக்கட்டு வைத்த ஒரு பங்களாவில் கொஞ்சம் நின்றாள்.

"ரொம்பப் பெரிசா வச்சா நம்பமாட்டாங்க," என்றாள். "சின்னதா ஒரு மாடி வீடு, கம்பி கேட்டு வச்சது இருந்தா காட்டு." பொய்யிலும் அளவாக இருக்கவேண்டும் என்பது அம்மாவின் கொள்கை.

அக்கா போனை வாங்கினாள். எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே போய் ஒரு படத்தில் நிறுத்தினாள். ஒன்றுமில்லாத ஒரு தெரு. சிமென்ட் ரோடு, ஒரு ஸ்கூட்டர், ஒரு தண்ணித் தொட்டி, சுள்ளென்று வெயில். "இது," என்றாள்.

"இதுல என்னக்கா இருக்கு?"

"வெயிலு."

வைத்தேன். அப்போது ஒன்று தெரிந்தது: எங்கள் மேகமூட்டத்தில் எடுத்த ஆளுக்கு நிழலே கிடையாது. அந்தத் தெருவில் ஸ்கூட்டருக்கு நிழல் இருக்கிறது, தொட்டிக்கு நிழல் இருக்கிறது, எங்கள் அக்காவுக்கு மட்டும் இல்லை. மோகினிப் பிசாசுக்கு வரன் பார்ப்பது மாதிரி இருந்தது. காலடியில் கறுப்புத் தூரிகையால் ஒரு நிழலை நானே வரைந்தேன். அனுப்பினோம்.

இதற்கு நடுவில் ஓனர் அண்ணன் ஒரு காரியம் செய்தார். "வெட்டின செடிய வீணாக்கலாமா அம்மணி? நிழல் விழாம நல்லா எடுத்திருக்கறே." அக்காவை நீக்கி, எங்கள் வாசல் தேயிலையை மட்டும் வைத்துக்கொண்டு, நடுவில் அக்கா வடிவத்தில் இருந்த ஓட்டையைப் பக்கத்து இலைகளை எடுத்து அடைத்தார். அடுத்த வாரமே ஒரு சென்னை ஜோடிக்குப் பின்னால் அது போய்விட்டது. நாங்கள் ஒளித்த அதே வாசல் இப்போது சென்னையில் யாரோ ஒருவர் வீட்டு ஹாலில் பிரேம் போட்டுத் தொங்குகிறது.

நாலு நாளில் மாப்பிள்ளை போட்டோ வாட்ஸப்பில் வந்தது. அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. கடற்கரை ஓரமாக ஒரு அப்பார்ட்மென்ட், அதற்கு முன்னால் நீலச் சட்டையில் ஒருவர், இரண்டு கையும் பேன்ட் பாக்கெட்டில். "திருப்பூர்ல ஏதுடி கடலு?" என்று அப்பா கேட்டார். "டூர் போயிருப்பாங்க," என்றாள் அம்மா. அப்பா வாயை மூடிக்கொண்டார்.

நான் போனை வாங்கிப் பெரிதாக்கினேன். தொழில் புத்தி. முதலில் காலைப் பார்த்தேன்: நிழல் இல்லை. காதைப் பார்த்தேன்: ஓரத்தில் மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அடுத்தது இடுப்பு.

கையைப் பாக்கெட்டில் விட்டு நின்றால் கைக்கும் இடுப்புக்கும் நடுவில் முக்கோணமாக ஒரு இடைவெளி விழும். ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிற நிறத்தை மட்டும் எடு என்று செட்டிங் வைத்திருந்தால், சுற்றிலும் அடைபட்ட அந்தச் சந்துக்குள் சாஃப்ட்வேர் போகாது. அதைத் தனியாக எடுக்கவேண்டும். அவருக்கு எடிட் செய்த ஆள் ஒரு பக்கத்தைத்தான் எடுத்திருந்தார். வலதுபக்க முக்கோணத்தில் கடல் இருந்தது. இடதுபக்க முக்கோணத்தில் கவாத்து வெட்டித் தட்டையாக நின்ற தேயிலைச் செடியும், சில்வர் ஓக் மரத்தின் அடியில் ஒரு துண்டும் இருந்தன.

அக்காவை இஸ்தோப்புக்கு, அதாவது லயத்து வாசல் தாழ்வாரத்துக்கு, தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏதாச்சும் வாழைத்தோப்பா இருக்கும்," என்றாள்.

இன்னும் பெரிதாக்கினேன்.

எத்தனை வருடமாக அந்தச் செடிக்கு முன்னால் நிற்கிறவள். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "கவாத்து அடிச்சு ரொம்ப நாளாகல," என்றாள் கடைசியில். "கீழ இருக்குற ஆளு இல்ல."

"அம்மாகிட்டச் சொல்லிடவா?"

"சொல்லாத. அவரு எதுக்கு மாத்துனாருன்னு கேக்கணும். வரட்டும்."

பெண் பார்க்க எங்கே வருவது என்று அடுத்த சிக்கல். லயத்துக்கு வந்தால் கதை முடிந்தது. "எங்கூட்டுலயே வெச்சுக்கலாம் அம்மணி," என்றார் ஓனர் அண்ணன். கோத்தகிரி டவுனில் அவருக்கு மாடி வீடு, அம்மா கேட்ட கம்பி கேட்டோடு. தூரத்துச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவரே சம்மதித்தார். நாலு நாளாக அதற்கு ரிகர்சலும் பார்த்தார். அவர் மனைவி பின்பக்க ஜன்னலுக்குத் திரை போட்டு மூடினார், அந்தப் பக்கமும் தேயிலைதான். டீ கொடுக்கக் கூடாது, காபிதான் என்று அம்மா கண்டிஷன். அப்பாவுக்கு ஒரே உத்தரவு, வாயைத் திறக்கவே கூடாது.

மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா, மூன்று பேரும் புரோக்கரோடு வந்தார்கள். உள்ளே வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "என்னாங்க இப்புடிக் குளுருது. எப்புடித்தான் இருக்கீங்களோ." அன்றைக்குக் குளிரே இல்லை, நல்ல வெயில். வெறும் செருப்புக் காலோடு, ஸ்வெட்டர் இல்லாமல் வந்திருந்தார். கீழே இருந்து வருகிறவர்கள் எங்கள் ஊரில் மே மாதத்திலும் குரங்குக் குல்லா போடாமல் இறங்கமாட்டார்கள்.

"எங்களுக்கே தாங்க முடியறதில்லைங்க," என்றார் ஓனர் அண்ணன், பிறந்ததிலிருந்து எங்களோடு சொந்தம் மாதிரி.

காபி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார். "நாங்க காபிதான் எப்பவும்," என்றார். இன்னொரு வாய் குடிக்கவில்லை. பனியன், கரண்ட் கட், பஸ் கூட்டம் என்று கொஞ்ச நேரம் பேச்சு போனது. திருப்பூரைப் பற்றி இரண்டு தரப்புக்கும் தெரிந்தது அவ்வளவுதான். பேச்சு நின்றுவிட்டது.

அந்த அமைதியில்தான் அப்பா வாயைத் திறந்தார்.

"அங்கன எந்தத் தோட்டம்?"

எல்லாப் பொய்க்கும் நாங்கள் ஒத்திகை பார்த்திருந்தோம். இதற்குப் பார்க்கவில்லை. சிலோனிலிருந்து வந்த இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும், ஆஸ்பத்திரி வரிசையிலானாலும் சாவு வீட்டிலானாலும், இதைக் கேட்காமல் இருக்க முடியாது. அது எங்கள் ஆட்களுக்குக் கேள்வியே இல்லை, தும்மல் மாதிரி. தானாக வரும்.

"மஸ்கெலியாப் பக்கம்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. அவருக்கும் தானாகத்தான் வந்தது.

"நாங்க அட்டன். எட்டின தூரந்தான். எப்ப கப்பல் ஏறுனீங்க?"

"எனக்கு அப்ப பத்துப் பன்னெண்டு வயசு இருக்கும். மண்டபத்துல எறக்கி, கேம்புல போட்டு..."

"அந்தப் புளிச்ச சோறு."

"அய்யோ, அதப் பேசாதீங்க. அங்க இருந்து லாரியில ஏத்தி நேரா கூடலூரு. நாங்க எறங்குன அன்னிக்கு லயத்துக்குக் கூரையே இல்ல பாத்துக்கங்க. இன்னி வரைக்கும் அதே லயந்தான், இப்பத்தான் ஓடு மாத்துனாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு என்ன சொன்னோம் என்று தெரிந்தது. ஹாலில் எல்லோரும் ஒரே நேரத்தில் புரோக்கரைப் பார்த்தார்கள். புரோக்கர் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார், அந்த வீட்டில் அதை முழுசாகக் குடித்த ஒரே ஆள்.

மாப்பிள்ளையின் அம்மா போர்த்தியிருந்த தலைப்பை இறக்கிவிட்டார். "பின்ன என்னா. ஒங்க புள்ள தையலுன்னு சொன்னீங்க. இன்னிக்கு மலையில பறிப்பு இல்லையாக்கும்?"

"ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள் எங்கள் அம்மா.

"கையப் பின்னால கட்டிக்கிட்டு எந்தப் பொண்ணுங்க போட்டோவுக்கு நிக்கும்? எங்க கையும் அப்புடித்தான இருக்கு."

சண்டை வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அம்மா சிரித்தாள். அவரும் சிரித்தார். "அந்தக் காபிய அங்கிட்டு வச்சிட்டு ஒரு தேத்தண்ணி போடச் சொல்லுங்க, தொண்டை கட்டிக்கிச்சு," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. ஓனர் அண்ணன் மட்டும் அவ்வளவு ரிகர்சலும் வீணாய்ப் போன வருத்தத்தில் திரையை விலக்கினார். பின்பக்கத் தேயிலை ஹாலுக்குள் எட்டிப் பார்த்தது.

மாப்பிள்ளையும் அக்காவும் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். காவலுக்கு நான். துணி காயப்போட்டிருந்தது. இரண்டு பேரும் ஒரு போர்வைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்றார்கள்.

"எந்த ஃபேக்டரி?" என்றாள் அக்கா.

"பந்தலூர்ப் பக்கம். ட்ரையர்ல இருக்கேன்." கொழுந்தைச் சூட்டில் காயவைக்கிற மெஷின். "நீங்க தையலு..."

அக்கா போர்வையைத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். பத்து விரலும். "இதான் என் தையலு."

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். நல்ல சிரிப்புதான். நான் நடுவில் புகுந்தேன். "ஒங்க போட்டோவ யாரு எடிட் பண்ணுனா?"

"சித்தப்பா பையன். மொபைல்லயே பண்ணுனான். ஏன்?"

"கைக்கு நடுவுல செடிய விட்டுட்டாரு. ஒட்டுன நிறம் மட்டுங்கற டிக்க எடுத்துட்டுப் பண்ணச் சொல்லுங்க அடுத்த தடவை."

"அடுத்த தடவையா?" என்றார் அவர். அக்கா என் காலை மிதித்தாள்.

"எதுக்கு மாத்துனீங்க?" என்று அவரிடம் கேட்டாள்.

"பொண்ணு கீழ ஊருல தையல் படிச்சது, சொந்தக்காரங்க எல்லாம் டவுனுல இருக்காங்கன்னு புரோக்கர் சொன்னாரு. கட்டிக்கிட்டா அப்புடியே கீழ போயிடலாம்னு அம்மா சொல்லுச்சு. நீங்க?"

"நானும் அதுக்குத்தான். ஒங்களப் புடிச்சுக்கிட்டு எறங்கிடலாம்னு."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பஸ் என்று நினைத்து ஸ்டாப்பில் நின்றிருக்கிறார்கள். பக்கத்தில் வந்து பார்த்தால் எதிரில் இருப்பதும் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள்.

நாங்கள் கீழே இறங்கி வந்தபோது ஹாலில் கல்யாணமே முடிந்திருந்தது. தை மாதம் என்று பேசிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குத் தெரிந்த சூப்பர்வைசர் மூலமாக அக்காவுக்குக் கூடலூரிலேயே கொழுந்து வேலைக்குச் சொல்லிவிடலாம், வீடு லயத்திலேயே இருக்கிறது, ஒரு கவலையும் இல்லை. நம்ம ஆளுக, நம்ம ஆளுக என்று இரண்டு அம்மாக்களும் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் தலையில் பூ வைக்க மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

"ஒரு நிமிஷம்," என்றாள் அக்கா. "கல்யாணம் வேணாம்னு சொல்லல. மலை வேணாம்னு சொல்றேன். அவரு மொதல்ல கீழ எறங்கி ஒரு வேலையப் புடிக்கட்டும். புடிச்சிட்டுச் சொல்லட்டும். அன்னிக்கே வர்றேன்."

"அதுக்கென்னா, எறங்கிட்டாப் போச்சு," என்றார் மாப்பிள்ளை. உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பூவை வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து தினமும் போன். நல்ல மனுஷன், குறை சொல்ல முடியாது. அக்கா பாட்டுக்குக் கொழுந்துக்குப் போய்விட்டு வந்து அவரோடு பேசுவாள். முதலில் சீசன் முடியட்டும் என்றார். சீசன் முடிந்தது. ட்ரையரில் இன்னொரு ஆள் லீவில் போயிருக்கிறான், வரட்டும் என்றார். வந்தான். மழை விடட்டும் என்றார். கூடலூரில் மழை எப்போது விட்டிருக்கிறது?

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் கோத்தகிரிக்கு வந்து ஒரு டைலர் கடையில் மெஷின் மிதிக்கக் கற்றுக்கொண்டாள். புரோக்கரிடம் சொன்ன பொய்யைச் சிலபஸாக வைத்துப் படித்த ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள். திருவிழாவுக்கு வந்தவளிடம், "இடம் இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று போன வாரம் பதில் வந்தது.

நேற்று அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். "பூ வச்ச பொண்ணு மாப்பிள்ளைக்கு முன்னால போயி அங்கன நிக்குறதா? சிலோன்லயும் இப்புடி ஒரு கூத்தக் கேட்டதில்ல. ஊரு என்னா சொல்லும்?"

"அவரு பின்னால வரட்டும்மா. வழி தெரியும்ல."

"வரலைன்னா?"

"வரலைன்னா நான் அங்கதான இருப்பேன்."

அப்பா அவள் பையை மட்டும் எடுத்துப் பார்த்தார், தூக்க முடிகிறதா என்று. விஷயம் தெரிந்து மாப்பிள்ளை ராத்திரி போன் செய்தார். அடுத்த மாதம் கட்டாயம் வந்துவிடுவேன் என்றாராம். சரி என்றாளாம்.

இன்றைக்குக் காலையில் அவளை பஸ் ஏற்றிவிட்டு நேராகக் கடைக்கு வந்தேன். ஓனர் அண்ணன் ஒரு பெங்களூர் ஜோடிக்குக் கூடை மாட்டிவிட்டுக்கொண்டிருக்கிறார், எனக்கு நீலத் துணியை எடுக்கிற வேலை காத்திருக்கிறது. போனில் அக்காவின் மெசேஜ். மேட்டுப்பாளையம் தாண்டி, பஸ் அன்னூரில் நிற்கிறது.